ஒரு நாளும் நிற்காத செய்தி

“அண்ணை, ஒரு மாசம் லீவு தாங்கோ. தொண்டையில கட்டியாம். இனியும் செய்தி வாசிச்சால் குரல் திரும்பாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.”

டிலோஜினி சொன்னதில் பாதி வெறும் காற்றாகத்தான் வந்தது. பேசாலையில் கேபிள் ரிவி நடத்தும் பெனடிக்ற் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தன் ‘எட்டு மணிச் செய்தி’யின் பதினாறு வருட வரலாற்றை ஆண்டு விழா மலருக்காக எழுதிக்கொண்டிருந்தார். மனிதருக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய வேலை இல்லை.

“இதைக் கேளும். ‘எமது செய்தி வெள்ளத்திலும் கொரோனாவிலும் ஒரு நாள்கூட நின்றதில்லை.’ இப்பிடி எழுதிப்போட்டு நான் எப்பிடி ஒரு மாசம் நிப்பாட்டுறது?”

“வேற ஆளைப் போடுங்கோ அண்ணை.”

“வாசிக்க ஒராள், எடிட் பண்ண ஒராள், ஒளிபரப்ப ஒராளெண்டு நான் எங்க போறது? நீர் தனிய எல்லாம் பாக்கிறீர். அதோட, நேற்றுச் செய்தியில உம்மட குரல் கணீரெண்டு இருந்துது. முகமும் நல்ல வடிவு. லீவு கேக்கேக்க மட்டும் கட்டி வந்திட்டுதோ?”

டிலோஜினி கதிரையில் இருந்துவிட்டாள். சண்டை பிடிக்கவும் தெம்பில்லை. எத்தனை வருடமாக அதே இழுவைப் படகுகள், அதே அறுந்த வலைகள், வெள்ளம் நின்ற அதே ஒழுங்கைகள். வாசித்து வாசித்து அவளுக்கு அலுத்தே போய்விட்டது.

மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. பெனடிக்ற் ஸ்பீக்கரில் போட்டார்.

“செய்தி வாசிக்கிற பிள்ளை நிக்கிறாவோ? நான் தோட்டவெளி செலீனா. நேற்று நீங்கள் வாசிச்சதைக் கேட்டதில இருந்து எனக்கு இருப்புக் கொள்ளேல்ல, பிள்ளை. காணாமல் போன ஆக்களைப் பற்றி வாற மாசம் மன்னாரில விசாரணை துவங்குதெண்டு சொன்னனீங்கள். மகன்ர படம், அடையாள அட்டைப் போட்டோக்கொப்பி எல்லாம் எடுத்து வைச்சிட்டன். எத்தினையாம் திகதி எண்டு மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோ. இருங்கோ, பேனை எடுத்தாறன்.”

பெனடிக்ற்றின் கண் கலங்கிவிட்டது.

“பாத்தீரே?” என்றார் மெதுவாக. “இந்தச் சனத்துக்காகவெண்டாலும் நீர் வாசிக்கத்தான் வேணும்.”

டிலோஜினி தொலைபேசியைக் கையால் பொத்தினாள்.

“அண்ணை, பத்து நாளா நான் வாசிக்கவே இல்லை. முந்தி வாசிச்ச பழைய செய்தியளைத்தான் திகதியை வெட்டிப்போட்டுப் போடுறன். ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல. நேற்றுப் போனது ஒன்பது வருசத்துக்கு முந்தினது.”

“பேனை எடுத்திட்டன், பிள்ளை” என்றாள் செலீனா. “சொல்லுங்கோ.”