பட்டைக்குச் சொன்ன நிறம்

செவ்வந்திக்கு மூச்சு இரைத்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த உடல்நலப் பட்டையோ பச்சையாக ஒளிர்ந்து, "மூச்சு சீராக உள்ளது" என்றது.

"மனுசி தவிக்கிறா, சீரா இருக்காம்!" என்று பட்டையைத் திட்டினான் அவள் கணவன் ஆவுடையப்பன். பட்டை சிவக்காமல் ஆம்புலன்ஸ் வராது. இப்போதெல்லாம் அப்படித்தான்.

செவ்வந்தி திணறிக்கொண்டே கேட்டாள். "தோலு வழியா வெளிச்சம் போயித்தான அளக்குது? என் நிறம் என்னன்னு போட்டீங்க?"

"மாநிறம்."

பெண் பார்க்கப் போகும்போது தரகர் சொன்ன அதே சொல். கல்யாணப் பந்தியில் அத்தை ஒருத்தி செவ்வந்தியைக் "கறுப்பி" என்றதற்கு, பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தவன் அவன். அன்றிலிருந்து அந்தச் சொல் அவர்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

"கறுப்புன்னு மாத்துங்க."

"உன்னப் போயி அப்படிச் சொல்ல வாயே வரலம்மா."

"அது என்ன, என்னைப் பொண்ணு பாக்கவா வந்திருக்கு? போடுங்க!"

பட்டையைத் தட்டி மாற்றினான். பட்டை சட்டெனச் சிவந்து அலறியது. ஆறாவது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

வண்டிக்குள், ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தவளின் கையை அவன் விடவே இல்லை. மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அவனுக்குத் தன் மணிக்கட்டு ஞாபகம் வந்தது.

"என் பட்டையில நீ என்ன நிறம் போட்ட?"

"வாங்குன அன்னைக்கே அட்டக்கறுப்புன்னு போட்டுட்டேன்" என்றாள் செவ்வந்தி. "நீங்க எனக்கு வேணும்லா."