மோட்டாருக்குப் போட்ட மாலை

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் மூத்த மருமகள் தமயந்தி, போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், பொரியைக் கொறித்துக்கொண்டே.

ஒரு பட்டறையில் மோட்டார் ஒன்றும் கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தன. மோட்டாரைத் திரையில் படமாக வரைந்து, படத்தின் மேல் காற்றை ஓடவிட்டு, சூடு எங்கே ஏறும், எப்படி இறங்கும் என்று கணக்குப் போடுவது கம்ப்யூட்டரின் வேலை.

பூஜை முடிந்து ஓடத் தொடங்கியதுமே மோட்டாருக்கு உள்ளே தகித்தது.

"அண்ணே, ரொம்பச் சுடுது. இப்படியே போனா என் செம்புக் கம்பிக் காயில் கருகிடும்."

"கருகாது தம்பி. இங்கே நீ நீலமா, குளுகுளுன்னு இருக்கே."

"அங்கே இருக்கிறது நானா?"

"நீயேதான். என்ன, இவன் புலம்ப மாட்டான்."

மோட்டாரின் முதுகிலிருந்த விசிறி திணறிக்கொண்டே சொன்னது: "என் மூடி மேல சாமந்தி மாலை போட்டிருக்காங்க. பூவெல்லாம் ஓட்டையை அடைச்சிருக்கு. காத்தே வரலை."

"மாலையா?" கம்ப்யூட்டர் இன்னொரு தடவை கணக்குப் பார்த்தது. "என் படத்துல மாலை இல்லையே."

திரையில் மோட்டார் நீலமாகவே இருந்தது. பட்டறையில் கருகல் வாடை எழுந்தது.

இந்த வருஷப் பூஜையும் நேத்து முடிஞ்சாச்சு; நம்ம வீட்டுத் தண்ணி மோட்டார் மேலயும் நேத்துப் போட்ட மாலை கிடக்கு. கதை கேட்டாச்சுல்ல, கொஞ்சம் போய் எடுத்துட்டு வாப்பா.