யார் தைத்த உடை

மரத்தரையில் மணிகள் சிதறி ஓடிய சத்தம் எர்லீனின் காதில் இன்னும் இருக்கிறது. அல்சீட்டின் கை பட்டுப் பாசிமணிக் கிண்ணம் கவிழ்ந்தது.

"பூனை தட்டிவிட்டுடுச்சு" என்றார்.

அவர்கள் வீட்டில் பூனை கிடையாது. சர்க்கரை நோய் கணவரின் கண்ணைத் தின்றுவிட்டது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

நியூ ஆர்லியன்ஸில் கார்னிவல் காலையில் இறகும் மணியுமாகத் தெருவில் இறங்கும் கறுப்பர் கூட்டங்களில் ஒன்றுக்கு அவர் தலைவர். தலைவனின் உடையைத் தலைவனேதான் தைக்க வேண்டும். அடுத்தவர் தைத்ததைப் போட்டுக்கொண்டு வருபவனைத் தெரு மதிக்காது.

அதன்பின் வந்த உடைகளை எர்லீன்தான் தைத்தாள். யாராவது கதவைத் தட்டினால் ஊசியை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கார்னிவல் முடிந்ததும் உடையைப் பிரித்துவிடுவது வழக்கம். கடைசி உடையைப் பிரிக்க அல்சீட் இல்லை. பேட்டையின் அருங்காட்சியகத்திலிருந்து கமில் என்ற பெண் வந்து அதைக் காட்சிக்கு வைக்கக் கேட்டபோது, மாட்டேன் என்று சொல்ல எர்லீனுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இன்று திறப்பு விழா. மார்பில் மணிகளால் தைத்த கொக்குடன் உடை நடுக்கூடத்தில் நின்றது. கீழே பலகை: 'ஒவ்வொரு மணியும் தலைவர் அல்சீட் தம் கையால் தைத்தது.'

அப்போதுதான் லூசியன் உள்ளே வந்தார். எதிர்க்கூட்டத்தின் தலைவர்.

"இந்த ஆளை யாரு கூப்பிட்டது?" என்று முணுமுணுத்தார் அல்சீட்டின் மேளக்காரர் மோரிஸ். "காலமெல்லாம் நம்ம ஆளை வம்புக்கு இழுத்தவன்."

"பார்த்துட்டுப் போகட்டும்" என்றாள் எர்லீன். தையலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுபவர் லூசியன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நூலைப் பார்த்தார். உடையின் பின்பக்கம் போய் முடிச்சைப் பார்த்தார்.

விவரம் தெரியாத கமில் அவரிடம் ஒலிபெருக்கியை நீட்டினாள். "ஐயா, அல்சீட் தையலைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

"அல்சீட் தையலா? கோழி கொத்தின மாதிரி இருக்கும். அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன்."

சிலர் சிரித்தார்கள்.

"ஆனா இது அவன் தையல் இல்ல."

லூசியன் உடையின் மார்பைச் சுட்டிக்காட்டினார்.

"இந்தக் கொக்கு கழுத்து வளைவைப் பாருங்க. அவன் தலைகீழா நின்னாலும் இது வராது. இது எர்லீன் கை."

மோரிஸ் முன்னால் பாய்ந்தார். "வாயை மூடு லூசியன். மனுசன் மண்ணுக்குள்ள போய் மண்ணுகூடக் காயல."

"அவன் கண்ணு போனது உங்க யாருக்கும் தெரியாதா? அந்தம்மா அங்கதானே நிக்கிறாங்க, கேளுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். இல்லை என்று சொல்லத்தான் எர்லீன் வாயைத் திறந்தாள். அந்தக் கொக்கின் கழுத்துக்காக அவள் எத்தனை முறை பிரித்துப் பிரித்துத் தைத்தாள் என்பது நினைவுக்கு வந்தது.

"நான்தான் தைச்சேன்" என்றாள்.

பின்வரிசையில் ஒருத்தி கைதட்டினாள். பிறகு பெண்கள் எல்லாரும் தட்டினார்கள். உடையை நெருங்கிப் போய்ப் பார்த்தார்கள், அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார்கள். லூசியனுக்கு மட்டும் ஒருவரும் வழிவிடவில்லை. தோளை இடித்துக்கொண்டுதான் அவர் வெளியே போனார்.

படிக்கட்டில் எர்லீன் அவரைப் பிடித்தாள்.

"திருப்தியா? செத்தவரையும் தோற்கடிச்சாச்சு."

லூசியன் தொப்பியைக் கழற்றினார்.

"மிஸ் எர்லீன், சாகறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரன் என்னைத் தேடி வந்தான். 'நான் போனப்புறம் அவ பேரைச் சொல்லிடு, எனக்கு வாய் வரல'ன்னான்."

"உங்ககிட்டயா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'என் சேக்காளி ஒருத்தனும் சொல்ல மாட்டான். நீதான் ஆசை ஆசையாச் சொல்லுவே'ன்னான்."

எர்லீனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பவே உள்ள போய்ச் சொல்றேன்" என்று திரும்பினாள்.

"வேணாம்மா. 'பொண்டாட்டி பேரைச் சொல்லக்கூடத் துணிவில்லாதவன்'னு அவனைப் பேசுவாங்க. நான் பொறாமைல சொன்னதாவே இருக்கட்டும். எனக்கு அது பழகின பேருதான்."

பலகையில் எர்லீனின் பெயர் ஏறியது. அல்சீட்டை யாரும் குறை சொல்லவில்லை. இறந்தவனைக் காட்டிக்கொடுத்த லூசியனைத்தான் சொன்னார்கள்.

ஒரு தலைவர் இறந்தால் மற்றக் கூட்டத்தார் எல்லாரும் அவர் வாசலுக்கு வந்து பாடுவது அந்த ஊர் முறை. மறு ஆண்டு லூசியன் இறந்தபோது, பாட வந்தவள் எர்லீன் ஒருத்திதான்.