காற்றில்லாமல் பறந்த தொப்பி

பாறைக்குக் கீழே இருபதடியில் கயிற்றில் தொங்கியபடி ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தேன். என் தோளை உரசிக்கொண்டு அந்தத் தொப்பி கீழே போனது.

செங்கல் நிறக் கம்பளித் தொப்பி. கையால் பின்னியது.

"ஐயோ, என் தொப்பி!" என்று மேலே ஓர் ஆண் குரல் அலறியது.

சீனாவின் ஹுவாங்ஷான் மலையில் பதினாறு வருடமாக எனக்கு இதுதான் வேலை. வருகிறவர்கள் மேகத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். கையில் இருப்பது நழுவும். நான் இறங்கிப் போய் எடுப்பேன்.

"விட்டுடு, நாளைக்குப் பார்த்துக்கலாம். பாறை ஈரமா இருக்கு. நீ விழுந்தா உன் பொண்டாட்டிக்கு எவன் பதில் சொல்றது?" மேலே கயிற்றைப் பிடித்திருந்த லாவ் வாங் கத்தினான்.

விட்டிருப்பேன். ஆனால் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதர், பிள்ளையைத் தவறவிட்டவர் போல என்னையே பார்த்தார். அறுபதை நெருங்கும் வயது. "தம்பி, தம்பி" என்பதைத் தவிர அவருக்கு வேறு சொல் வரவில்லை.

இன்னும் நாற்பதடி இறங்கினேன். ஒரு பைன் வேரில் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடிக்கும்போது கால் வழுக்கியது. கயிறு சுண்டி இழுக்க, முழங்கால் பாறையில் மோதியது. லாவ் வாங் என் வம்சத்தையே திட்டித் தீர்த்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். அவருக்குப் பின்னால் நின்ற மனைவி, அவர் பார்க்காதபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கையையும் அசைத்தார். வேண்டாம், வேண்டாம் என்று.

எனக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். மனம் இளகிவிட்டது.

நான் மேலே ஏறி வந்ததும் அந்த மனிதர் தொப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்குச் சூடாகத் தேநீர் வாங்கி வருவதாகச் சொல்லி, குடுவையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் தலை மறைந்ததும் அந்த அம்மா என் பக்கத்தில் வந்தார்.

"கிடைக்கலைன்னு சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?"

என் முழங்காலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "என்னக்கா இது! உசிரைப் பணயம் வச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்."

"காத்து அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு அவர்கிட்டச் சொல்லியிருந்தேன்."

பள்ளத்தாக்கில் மேகம் அசையாமல் கிடந்தது. காலையிலிருந்து ஒரு பைன் ஊசிகூட ஆடவில்லை.

"நான்தான் பின்னினேன்," என்றார் அந்த அம்மா. "ஆஸ்பத்திரி வராந்தாவில உட்கார்ந்து ஒன்பது நாள். அப்ப அவர் தலையில ஒத்தை முடி கிடையாது. இப்பப் பார்த்தீங்கல்ல, எப்படி வளர்ந்திருக்கு! நல்லாயிட்டார். ஆனா அந்தத் தொப்பியைக் கண்டாலே எனக்கு மருந்து வாடை வருது. வீட்டுல அலமாரிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன், கண்டுபிடிச்சுட்டார். ரயில்ல விட்டுட்டு இறங்கினேன், ரயில்ல வேலை பார்க்கிற பொண்ணு பின்னாடியே ஓடி வந்து கொடுத்துட்டா. மலையிலயாவது தொலையும்னு பார்த்தா, நீங்க வந்து சேர்ந்தீங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கணவர் தேநீரோடு வந்தார். பெயர் ஷாங். ஜெங்ஜோ நகரத்தில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவராம்.

"எல்லாம் நேர் ரோடு தம்பி. டிப்போ வாசல்ல மட்டும்தான் வளைவு. இங்க கண்ணு எந்தப் பக்கம் போனாலும் வளைஞ்சு வளைஞ்சு போகுது."

"ஆவியில பன் வேகுற அடுக்குப் பாத்திரத்தை யாரோ திறந்து வச்ச மாதிரி இருக்கு," என்றார் மனைவி, மேகத்தைப் பார்த்து.

"இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தாலும் இவளுக்குச் சமையக்கட்டுதான் தெரியும்," என்று அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அந்தச் சமையக்கட்டு இல்லாட்டி நீங்க இங்க ஏறி வந்திருப்பீங்களா?" என்று சொல்லிவிட்டு, படமெடுக்க நல்ல இடம் பிடிக்க மனைவி கூட்டத்துக்குள் நுழைந்தார்.

ஷாங் தொப்பியைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த பைன் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

மனசு கேட்கவில்லை. "அண்ணே, அதான் முடி வளர்ந்துடுச்சே. இன்னும் எதுக்கு இது?" என்றேன்.

"காத்து இல்லைங்கிறது எனக்கும் தெரியும் தம்பி."

கடைசி ஊசியையும் பிடுங்கிப் போட்டார். பிறகு, கூட்டத்தின் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போன வாரம் தனியாப் போய் டாக்டரைப் பார்த்தேன். அடுத்த மாசம் மறுபடியும் மருந்து ஏத்த ஆரம்பிக்கணுமாம். இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. வா, மலை பார்த்துட்டு வரலாம்னு கூட்டிட்டு வந்துட்டேன்."

நான் கையிலிருந்த தேநீரைப் பார்த்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "புதுசா ஒண்ணு பின்னித் தரச் சொல்லலாமே," என்றேன்.

"எதுக்குன்னு கேப்பாளே."

"என்னங்க, சீக்கிரம் வாங்க, மேகம் விலகுது!" என்று மனைவி கூப்பிட்டார். "தொப்பி வேண்டாம், தலையைச் சீவிட்டு வாங்க!"

அவர் தொப்பியைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டார். பையிலிருந்து சீப்பை எடுத்து, அந்த இரண்டு விரற்கடை முடியை நிதானமாக, வகிடெடுத்து வாரினார். பிறகு போய் மனைவியின் பக்கத்தில் நின்றார்.