தொட்டியம் லிஸ்ட்

ஸ்ரீரங்கம் கொள்ளிடக் கரையில், ஒடிசா தொழிலாளர்கள் தங்கும் தகரக் கொட்டகையில் மருத்துவ முகாம். "சுதாம் நாயக்!" என்று நர்ஸ் சகாயராணி அழைத்ததும், ஒல்லியான ஒருவன் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஆதாரை நீட்டினான்.

விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை 92.

"தொட்டியத்துல வாழைத் தோட்டத்துல இருந்தப்ப நானூறுன்னு ஆன்லைன்ல பதிவாயிருக்கு. தினம் இன்சுலின் போட்டிருக்கே. இப்ப என்ன தம்பி மாயம் பண்ணினே?"

அவன் குத்திய விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டான்.

"நாலு மாசமா ஊசி வாங்கவும் வரலையே!"

"வந்தோம், சிஸ்டர். உங்ககிட்டதான். பேரு தொட்டியம் ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்கு, அங்க போய் வாங்குன்னீங்க."

சகாயராணிக்கு முகம் நினைவில்லை. அதே பதிலை அவள் பலரிடம் சொல்லியிருந்தாள்.

"அப்புறம் எங்க வாங்கினே?"

"வாங்கல. தொட்டியம் போக லீவு கிடைக்கல. அஞ்சாம் நாள் அண்ணன் செத்துட்டான்."

"அண்ணனா?"

"சுதாம் என் அண்ணன், சிஸ்டர். எனக்கு ஆதார் இல்ல. அவன் பேர்லதான் வேலை பாக்கறேன். எழுதிடாதீங்க, மேஸ்திரி துரத்திடுவாரு."

சகாயராணியின் பேனா பதிவேட்டின் மேல் வெகுநேரம் நின்றது. பிறகு எழுதினாள்: 'சுதாம் நாயக். நலமாக இருக்கிறார்.'