மோடம் கார்டு

கப்பலில் வேலை செய்யும் கணவரிடமிருந்து பதினோரு நாளாக மெயில் இல்லை. போன் லைன் வழியாக இணையத்தோடு இணைக்க, கணினிக்குள் செருகியிருந்த மோடம் கார்டை அதில் ஓடும் லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கொழுந்தன் மத்தியானம் முழுக்க கார்டுக்கான போர்ட் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போனான்.

"அண்ணி, இந்தக் கார்டு இல்லாம கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

கணினியை அணைத்து, கார்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கணினியை மட்டும் மறுபடி ஓடவிட்டான். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. அவன் உள்ளங்கையிலிருந்து டயல் செய்யும் சத்தம் கேட்டது. பிறகு கரகரவென்று இரைச்சல். இணைப்பு கிடைத்துவிட்டதாகத் திரை சொன்னது.

"அண்ணி... இதுல ஒயரே இல்ல." அவன் கார்டை இரண்டு விரலால் தள்ளிப் பிடித்தான்.

அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"கீழ போட்டுடாத தம்பி. உங்கண்ணன் மெயில் இறங்கிட்டிருக்கு."