சாட்சிக் கையெழுத்து

"இண்டைக்கு நான் ஒரு காகிதத்திலையும் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார் நடேசன்.

ஹரிப்ரியா உறையோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "நாலரைக்குப் போஸ்ட் எடுத்துருவாங்க அங்கிள். இன்னைக்கு விட்டா மண்டேதான். அப்புறம் அனுப்பியும் பிரயோஜனமில்ல."

மூன்று மாத ஆராய்ச்சிக்காக அவளை அவளுடைய பல்கலைக்கழகம் ஜெர்மனியிலுள்ள கார்ஹிங் நகருக்கு அனுப்பியிருந்தது. கிளாஸ்கோவிலிருந்து பழைய கூட்டாளி யோசப் போன் பண்ணிச் சொன்னதால்தான் நடேசன் மேல்மாடி அறையை அவளுக்குக் கொடுத்தார். வந்த நாளிலிருந்து நகரசபை ஏதாவதொரு படிவம் கேட்டுக்கொண்டேயிருந்தது. இதுவும் அதில் ஒன்றுதான் என்று நினைத்தார்.

அவருடைய கோபம் வேறொரு கடிதத்தின் மேல். அது மேசையில் விரிந்து கிடந்தது. படித்து முடித்த வேகத்தில் கழற்றி எறிந்த மூக்குக்கண்ணாடியும் அதன்மேல் கிடந்தது.

வருகிற வியாழக்கிழமை ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத் தேர்தல். தனிநாடு கேட்கிற கட்சிக்கு ஜெர்மனியில் இருந்தபடியே தபாலில் வாக்களிக்க நடேசன் விண்ணப்பித்திருந்தார். கிளாஸ்கோவிலிருந்து மறுப்பு வந்துவிட்டது.

"திருப்பி வாசியுங்கோவன்" என்றாள் மனைவி யோகம், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்கை குடியிருக்கிற ஆக்கள்தான் போடலாம். கொமன்வெல்த் நாட்டுக்காரர் எண்டாலும் சரியாம். வெளியிலை போய்க் குடியிருக்கிறவை போட ஏலாது. வடிவா எழுதிக் கிடக்கு."

"நேற்று வந்து இறங்கினவனுக்கு வாக்கு! பதினேழு வருஷம் அந்த மழையிலை நனைஞ்ச எனக்கு இல்லை. என்ரை நாடு அது!"

"எத்தினை நாடப்பா உங்களுக்கு? பிறந்தது யாழ்ப்பாணம். பாஸ்போட் லண்டன்காரன்ரை. வரி கட்டுறது ஜெர்மன்காரனுக்கு."

நடேசன் மேசையில் ஓங்கி அறைந்தார். தேநீர்க் கோப்பை துள்ளி, கடிதத்தின் ஓரம் நனைந்தது.

"லண்டன்காரன்ரை கதையை விடு. ஸ்கொட்லாந்துக் கடலுக்கை கிடக்கிற எண்ணெய் ஆரின்ரை? அள்ளிக்கொண்டு போறது ஆர்? நான் வேலை செய்த பக்டரியைப் பூட்டேக்கை, அவங்கடை அரசாங்கம் ஒரு வார்த்தை கேட்டதோ?"

"எண்ணெய் முடிஞ்சாப் பிறகு? லண்டன் பவுணை விட்டிட்டு எந்தக் காசை வைச்சிருப்பினம்? இஞ்சை மார்க் காசு போய் ஒய்ரோ வந்தாப் பிறகு ஒரு கோப்பி என்ன விலை எண்டு பாருங்கோ." யோகம் கத்தியை நீட்டினாள். "தனியச் சோறு காய்ச்சத் தெரியாது. இவருக்குத் தனிநாடாம்!"

சுவர்க்கடிகாரம் நாலு மணி காட்டியது. ஹரிப்ரியா அதைப் பார்த்தாள், பிறகு உறையைப் பார்த்தாள்.

"எண்ணெய் உற்பத்தி ஏற்கெனவே குறைய ஆரம்பிச்சிருச்சு அங்கிள்" என்றாள் மெதுவாக. "ஆனா அங்க காத்துல நிறைய கரண்ட் எடுக்கலாம். ஒரு வாரமா ரெண்டு பக்கமும் படிச்சேன். நேத்து ராத்திரிதான் ஒரு முடிவுக்கு வந்தேன்."

நடேசன் திரும்பினார். மனைவியிடம் காட்ட முடியாத மிச்சக் கோபமெல்லாம் அந்தப் பிள்ளையின் மேல் விழுந்தது.

"நீர் ஏன் பிள்ளை முடிவெடுக்கிறீர்? இந்தியாவிலை இருந்து வந்த உமக்கு அந்த நாட்டைப்பற்றி என்ன கதை? வாக்கு இருக்கிற ஆக்கள் கதைக்கட்டும்!"

"அப்ப நீங்களும் வாயை மூடுங்கோ" என்றாள் யோகம்.

ஹரிப்ரியாவின் முகம் சிவந்துவிட்டது. உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

நடேசன் நாற்காலியில் சரிந்தார். "வாக்குச்சீட்டிலை ஒரு புள்ளடி போடத்தானே கேட்டனான், யோகம்" என்றார். "ஒரேயொரு புள்ளடி."

யோகம் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, ஒரு பேனையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "உங்கடை அலுவல்தான் நடக்கேல்லை. அந்தப் பிள்ளையின்ரை அலுவலாவது நடக்கட்டும். வையுங்கோ கையெழுத்தை."

ஹரிப்ரியா ஓடிவந்து உறையிலிருந்து ஒரு தாளை உருவினாள். "முதல்ல நான் போடணும் அங்கிள். நீங்க அதைப் பாக்கணும். அப்புறம் நீங்க சாட்சி."

எதற்குத்தான் இவர்கள் சாட்சி கேட்கமாட்டார்கள் என்று நடேசனுக்குச் சலிப்பாக இருந்தது. அவள் போட்டாள், அவர் பார்த்தார். அவளுடைய விரல் காட்டிய இடத்தில், கண்ணாடியைத் தேடாமலே, பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

அவள் தாளை உறைக்குள் வைத்தாள். உள்ளே இன்னொரு சின்ன உறை ஏற்கெனவே ஒட்டிய நிலையில் இருந்தது. நாக்கால் ஈரப்படுத்தி வெளி உறையையும் ஒட்டினாள். மணி நாலு இருபது.

அவளுடைய அவசரத்தைப் பார்க்க நடேசனுக்கு வெட்கமாகிவிட்டது. கார்ச் சாவியை எடுத்தார். "குறை நினையாதையும் பிள்ளை. வாரும், நகரசபைக்கே நேரை கொண்டுபோய்க் குடுப்பம். ரெண்டு தெரு தள்ளித்தானே, தபால் என்னத்துக்கு?"

ஹரிப்ரியா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"இது கிளாஸ்கோவுக்குப் போகுது அங்கிள். நான் அங்கதானே குடியிருக்கேன். என்னோட வோட்டு."